சண்டை வரும் கதைகள் பிள்ளைகளுக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுவர் படப் புத்தகங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சண்டையும் கோபமும் வரும் கதைகளைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம், அவற்றைப் பார்த்துத்தான் அவர்கள் சண்டை பழகுகிறார்கள் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. சண்டை போடப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போட்ட சண்டையிலிருந்து வெளியே வரத்தான் வழி தெரியாமல் தவிக்கிறார்கள்.

என் மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு மூன்று. முதுகு கிழிந்து டேப் ஒட்டிய ஒரு படப் புத்தகம் எங்கள் வீட்டில் இருக்கிறது. அணிலும் ஆமையும் சேர்ந்து மணலில் கோட்டை கட்டுகின்றன. அணில் கோட்டையை இடித்துவிட்டது என்று ஒரு பக்கத்தில் ஒரே வரி. ஆனால் படத்தில் அணில் வேறெதையோ பார்க்கத் திரும்புகிறது. வால்தான் சுவரில் படுகிறது. பத்துத் தடவை வாசித்தும் நான் இதைக் கவனிக்கவில்லை. ஒருநாள் மகள் பக்கத்தைப் பின்னால் திருப்பி, வால் நுனியில் விரலை வைத்து, "அம்மா, இது தெரியாமப் பட்டுடுச்சு. ஆமைக்குத்தான் அது தெரியல" என்றாள். தம்பி விடவில்லை. "கோட்டை ஃபுல்லா போச்சு. அணில் பேட்" என்றான்.

இருவர் சொன்னதும் அவரவர் வயதுக்குச் சரிதான். பிள்ளைகளின் சிந்தனையை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே 1932-இல் வெளியிட்ட நூலில் இதற்கு நெருக்கமான ஒரு கேள்வி வருகிறது. கதவைத் திறக்கும்போது தெரியாமல் 15 கோப்பைகளை உடைத்த பையன் ஒருவன். ஜாமைத் திருட்டுத்தனமாக எடுக்கப் போய் ஒரு கோப்பையை உடைத்தவன் இன்னொருவன். யார் செய்தது பெரிய தப்பு? சின்னப் பிள்ளைகள் பலர் 15 உடைத்தவனைத்தான் கைகாட்டினார்கள். எவ்வளவு உடைந்தது என்பதுதான் அவர்கள் கணக்கு. தனக்குத் தெரிந்தது அடுத்தவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதும் பெரும்பாலும் நான்கு வயதை ஒட்டித்தான் பிடிபடத் தொடங்குகிறது. எத்தனை அறிவுரை சொன்னாலும் புரியாததை அந்த வால் நுனி என் மகளுக்குக் காட்டிக்கொடுத்தது.

என் குறை வேறு. இந்த வகைப் புத்தகங்களில் பல, சமாதானத்துக்கு ரொம்பவே அவசரப்படுகின்றன. படப் புத்தகம் என்றால் பொதுவாக 32 பக்கம். சண்டை மூளுவதற்கே பாதி போய்விடுகிறது. அப்புறம் பெரியவர் ஒருவர் வந்து ஸாரி சொல்லச் சொன்னதும் அடுத்த பக்கத்திலேயே பழம் விட்டுக்கொள்கிறார்கள். கோபம் ஆறவே இடமில்லை. எங்கள் அணில் கதையில் இரண்டு பக்கம் எழுத்தே கிடையாது. இந்த ஓரத்தில் ஆமை ஓட்டுக்குள் கிடக்கிறது, அந்த ஓரத்தில் அணில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறது, நடுவே வெறும் மணல். நான் சட்டென்று திருப்பப் போனால் மகன் என் கையைப் பிடித்துக்கொள்வான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவனே திருப்புவான். அடுத்த பக்கத்திலும் யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. அணில் ஒரு வாளி ஈர மணலைக் கொண்டுவந்து சற்றுத் தள்ளி வைக்கிறது. ஆமையின் தலை மட்டும் எட்டிப் பார்க்கிறது.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சண்டை நடந்த சூட்டோடு இந்தப் புத்தகங்களைக் கையில் எடுக்காதீர்கள். நான் ஒருமுறை எடுத்தேன். "அது என்னைத் திட்டுற புக், எனக்கு வேண்டாம்" என்று மகள் தள்ளிவிட்டாள். மறுபடி அதைத் தொட ஒரு மாதம் ஆனது. சிரித்து விளையாடும் நாளில் வாசித்தால் அவர்களாகவே தங்கள் சண்டையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். படப் புத்தக மதிப்புரைகளில் கதைச் சுருக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஓவியர் பெயரையும் போட்டு, உள்பக்கப் படம் ஒன்றையாவது விவரம் தெரியும் அளவுக்குப் பெரிதாக அச்சிடுங்கள். எங்கள் புத்தகத்தின் கதையை நான்கு வரியில் சுருக்கினால் அதில் அந்த வால் இருக்காது.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய், உங்கள் வாசகி