கப்பல் பெயர் தெரியாமல் வருகிறவர்களுக்காக

வணிகக் கப்பல் மாலுமிகளின் ஆவணங்களைப் பாதுகாத்துவரும் காப்பகங்களுக்கும் நூலகங்களுக்கும்,

வணக்கம்.

கப்பலில் வேலை பார்த்த தாத்தாவைப் பற்றித் தெரிந்துகொள்ள உங்களிடம் வருகிறவர்களின் கையில் ஒரு பெயர் இருக்கும். வீட்டில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த ஒரு கதை இருக்கும். கொடுத்துவைத்தவர்களிடம் ஒரு புகைப்படமும் இருக்கும். நீங்கள் முதலில் கேட்பதோ கப்பலின் பெயரை. அதைச் சொல்லத் தெரியாமல் பலர் அத்தோடு எழுந்து போய்விடுகிறார்கள். அவர்களுக்காகவும் எனக்காகவும் இந்த மடலை எழுதுகிறேன். என் அம்மாவின் தாத்தா பிரிட்டிஷ் நீராவிக் கப்பல்களில் கொதிகலனுக்குக் கரி போட்டவர். எந்தெந்தக் கப்பல் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

நீங்கள் அப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது என்பது எனக்கு இப்போது புரிகிறது. 1835இல் பிரிட்டனில் வந்த சட்டப்படி, வெளிநாடு போகும் கப்பலின் தலைவர் மாலுமிகளோடு ஒப்பந்தம் எழுதி, ஆள் பட்டியலை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். போர் வந்தால் கடற்படைக்கு ஆள் திரட்ட வசதியாக, மாலுமிகளுக்குத் தனிப் பதிவேடும் தொடங்கினார்கள். 1845 முதல் சில ஆண்டுகள் ஆளுக்கொரு சீட்டுகூடக் கொடுத்தார்கள். உயரம், முடியின் நிறம், உடம்பில் உள்ள அடையாளம், எழுதத் தெரியுமா என்பது வரை குறித்துவைத்தார்கள். 1857இல் அந்தப் பதிவேடு நின்றுபோனது. மறுபடி தொடங்கியது 1913இல். அதிலும் 1917 வரைக்குமான அட்டைகள் அழிக்கப்பட்டுவிட்டன. ஆக, அறுபது ஆண்டுக் காலத்துக்கு ஒரு சாதாரண மாலுமியைப் பெயரால் தேட அரசு வைத்த பதிவேடு எதுவும் இல்லை. கப்பல்வாரியாகக் கட்டிவைத்த ஆள் பட்டியல்கள்தான் மிச்சம். தலைவர்களும் துணை அதிகாரிகளும் பொறியாளர்களும் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கியதால் அவர்களுக்குத் தனி ஏடுகள் உண்டு. கரி அள்ளியவருக்கு அது கிடையாது.

அந்தப் பட்டியல்களும் ஓரிடத்தில் இல்லை. 1861 முதல் 1938 வரை உள்ளவற்றில் பத்தில் ஒரு பங்கு, கியூவில் இருக்கும் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 5இல் முடியும் ஆண்டுகளின் மீதி, கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில். மற்ற ஆண்டுகளில் உள்ளூர்க் காப்பகங்கள் சில கேட்டு வாங்கியது போக, பெரும்பகுதி கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், மெமோரியல் பல்கலைக்கழகத்தின் கடல்சார் வரலாற்றுக் காப்பகத்தில் இருக்கிறது. இவ்வளவு காகிதத்தையும் வைத்துக்கொள்ள முடியாது, மாதிரிக்குப் பத்து விழுக்காடு போதும் என்று முடிவானபோது, அழிவுக்குப் போயிருக்க வேண்டியதை 1970களின் தொடக்கத்தில் அட்லாண்டிக் கடந்து எடுத்துச் சென்று காப்பாற்றியவர்கள் அவர்கள். அந்தக் காரியத்துக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். அன்று அவர்கள் முன்வராமல் இருந்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

ஆனால் தேடுகிற குடும்பத்தின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். இருபது வருடம் கடலில் இருந்த ஒருவரின் வாழ்க்கை மூன்று இடங்களில் கிடக்கிறது, நடுவே ஒரு பெருங்கடல். சரி, எப்படியோ ஒரு கப்பலின் பெயர் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதே பெயரில் வேறு பல கப்பல்கள் இருந்திருக்கும். 1855 முதல் ஒவ்வொரு பிரிட்டிஷ் கப்பலுக்கும் கொடுத்த அதிகாரபூர்வ எண், கப்பல் கைமாறினாலும் பெயர் மாறினாலும் மாறாதது. அந்த எண் தெரிந்தால்தான் பட்டியலைக் கேட்க முடியும். அதை ஆண்டுதோறும் வந்த மெர்க்கன்டைல் நேவி லிஸ்டில் பார்க்கலாம். கப்பலின் கொள்ளளவு, உரிமையாளர், கட்டிய இடம் எல்லாம் லாயிட்ஸ் ரெஜிஸ்டரில் கிடைக்கும். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு நூலகர். தேடல் நுட்பம் தெரிந்த இப்படி ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தால், வந்தவர் வெறுங்கையோடு போக மாட்டார். நூலகங்களிடம் என் முதல் வேண்டுகோள் இதுதான்: பழைய கப்பல் ஏடுகளை யாரும் எடுப்பதில்லை என்று கழித்துவிடாதீர்கள், அவற்றைப் படிக்கத் தெரிந்த ஆட்களையும் இழந்துவிடாதீர்கள்.

ஆள் பட்டியலில் ஒரு பத்தி எனக்கு மிகவும் பிடித்தது. பெயர், வயது, பிறந்த ஊர், வேலை இவற்றோடு, 'இதற்கு முன் வேலை பார்த்த கப்பல்' என்றும் ஒரு பத்தி இருக்கும். ஒரே ஒரு பட்டியலில் ஆள் சிக்கிவிட்டால் போதும், அந்தப் பத்தியைப் பிடித்துக்கொண்டு கப்பல் கப்பலாகப் பின்னோக்கிப் போகலாம். சிக்கல் எல்லாம் அந்த முதல் பட்டியலைப் பிடிப்பதில்தான். அதனால்தான் 1915ஆம் ஆண்டுப் பட்டியல்களில் நடந்த வேலையை நான் இவ்வளவு மதிக்கிறேன். கிரீனிச்சும் கியூவும் தன்னார்வலர்களோடு சேர்ந்து ஏறத்தாழ ஏழரை லட்சம் பெயர்ப் பதிவுகளை எழுதியெடுத்து, யாரும் இலவசமாகத் தேடும்படி வைத்தன. அந்த ஆண்டுக்குக் கப்பல் பெயர் தெரியாமலேயே ஒரு மாலுமியைக் கண்டுபிடித்துவிடலாம். 1915க்குச் செய்ததை 1925க்கும் 1935க்கும் செய்யுங்கள். பத்து ஆண்டுக்கு ஒரு பட்டியல் பெயரால் திறந்தால், இடையில் உள்ளதை 'முந்தைய கப்பல்' பத்தி நிரப்பிவிடும்.

அப்புறம், இந்திய மாலுமிகளின் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1914இல் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை பார்த்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர், லாஸ்கர் என்று பதியப்பட்ட ஆசிய மாலுமிகள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். ஐரோப்பிய மாலுமிகளின் ஒப்பந்தம் வேறு, இவர்களுடையது வேறு. கூலி குறைவு, தங்கும் இடம் குறுகல், ஒப்பந்தம் முடிந்தால் இந்தியத் துறைமுகத்தில்தான் இறக்கிவிடுவார்கள். தனித்தனியாக ஆள் எடுப்பதும் குறைவு. மாலுமிகளுக்குத் தலைவரான சாரங்கு ஒரு கூட்டத்தையே சேர்த்துக்கொண்டு வருவார். பம்பாயிலோ கல்கத்தாவிலோ எழுத்தர் முன்னால் வரிசையாக நின்று பெயர் சொல்வார்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிக்கொள்வார். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு. ஒருவரின் பெயர் மூன்று பயணத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தால் அதில் வியப்பில்லை.

இப்படி எழுதப்பட்ட பெயரைத் தேடப் போனால், உங்கள் தேடுபெட்டி குடும்பப் பெயரைக் கேட்கிறது. எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பாவின் பெயர் உண்டு, சிலருக்கு ஊர்ப் பெயர் உண்டு. எழுத்தர் எதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டார் என்பதை நூறு வருடம் கழித்து நாங்கள் ஊகிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்காதீர்கள். பெயரின் எந்தத் துண்டை எந்தக் கட்டத்தில் போட்டாலும் கிடைக்கும்படி செய்யுங்கள். பிறந்த ஊர், வயது, வேலை இவற்றைக் கொண்டும் தேட வழி வையுங்கள். ஐரோப்பிய ஊழியர்களை ஒவ்வொருவராகப் பதிந்துவிட்டு, மற்றவர்களை வெறும் எண்ணிக்கையாகக் குறித்து நகரும் பழக்கம் எந்த அட்டவணையில் இருந்தாலும் அதைத் திருத்துங்கள். பட்டியலில் பெயர் இருக்கிறபோது அட்டவணையில் அது விடுபடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இறந்தவர்களுக்கும் இதுவே நடந்தது. லண்டன் டவர் ஹில்லில், கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாத வணிகக் கப்பல் ஊழியர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. இரண்டு உலகப் போர்களிலும் சேர்த்து 36,000 பேருக்கு மேல், பெயர் பெயராக வெண்கலத்தில் பொறித்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் மாண்ட இந்திய மாலுமிகளில் பெரும்பாலோரின் பெயர்கள் பம்பாய், சிட்டகாங் நினைவிடங்களுக்கான ஏட்டில் உள்ளன. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் தரவில் அவற்றைத் தேடலாம், பல பதிவுகளில் அப்பா பெயரும் இருக்கிறது. கல்கத்தாவில் 1924இல் எழுப்பிய லாஸ்கர் நினைவுத்தூண், முதல் உலகப் போரில் மாண்ட 896 பேருக்கானது. 1943 நவம்பர் 26 அன்று மத்தியதரைக் கடலில் ரோனா என்ற கப்பல் ஜெர்மானியக் குண்டுக்கு இரையானது. அதில் இறந்த 1,015 அமெரிக்க வீரர்களை அந்த நாடு பெயர் சொல்லி நினைக்கிறது. அதே கப்பலை ஓட்டி அதே நாளில் இறந்த நூற்றுக்கும் மேற்பட்ட இந்திய மாலுமிகளின் வீடுகளுக்குத் தங்கள் ஆள் எந்தக் கப்பலில் போனார் என்பது இன்றைக்காவது தெரியுமா? ஏட்டில் உள்ள பெயரையும் ஆள் பட்டியலில் உள்ள பெயரையும் ஒன்றோடொன்று இணைத்துக்கொடுத்தால் தெரியவரும். இரண்டும் வேறு வேறு நிறுவனங்களிடம் இருப்பதால் அது நடக்காமல் கிடக்கிறது.

வேறு வழிகளும் உங்கள் அலமாரிகளில் ஒளிந்திருக்கின்றன. 1925இல் பிரிட்டனில் வந்த ஓர் ஆணை, வெள்ளையர் அல்லாத மாலுமிகளைக் காவல் நிலையத்தில் அந்நியராகப் பதியச் சொன்னது. பிரிட்டிஷ் குடிமக்களான இந்தியர்களும் அதில் மாட்டிக்கொண்டு, தாங்கள் யார் என்று நிரூபிக்கச் சான்றிதழுக்கு அலைந்தார்கள். அநியாயமான ஆணை. ஆனால் அதனால் உண்டான காகிதங்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருப்பவை, இன்று எங்களைப் போன்றவர்களுக்குப் புதையல். இவை 'பொருளாதாரத் துறைக் கோப்பு' என்ற தலைப்பில் இருந்தால், தாத்தாவைத் தேடுகிற ஒருவர் அதை எப்படித் திறப்பார்? கோப்புக்குள் இருக்கும் பெயர்களைப் பட்டியலுக்குக் கொண்டுவாருங்கள்.

இந்தியாவில் இருக்கும் காப்பகங்களிடமும் துறைமுக அலுவலகங்களிடமும் ஒன்று கேட்கிறேன். மாலுமிகளை ஒப்பந்தம் செய்ததும், சி.டி.சி. என்ற மாலுமியின் பணிப் பதிவுப் புத்தகம் வழங்கியதும், இறந்தவரின் பாக்கிச் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பியதும் இங்கேதான். அந்தப் பதிவேடுகளில்தான் அப்பா பெயரும் ஊரும் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓர் அலுவலகத்தில் விசாரித்தபோது, பழையதெல்லாம் எப்போதோ கழித்தாயிற்று என்று சாதாரணமாகச் சொன்னார்கள். கேட்டு மனம் உடைந்துபோனேன். இனி ஒரு பதிவேட்டைக் கழிக்கும் முன், மாநில ஆவணக் காப்பகத்துக்கோ ஒரு பல்கலைக்கழகத்துக்கோ எழுதிக் கேளுங்கள். நியூஃபவுண்ட்லாந்துக்காரர்கள் வாங்கிக்கொண்டதைப் போல வாங்கிக்கொள்ள யாராவது இருப்பார்கள்.

வீடுகளிலும் காகிதம் இருக்கிறது. பயணம் முடிந்ததும் கொடுத்த டிஸ்சார்ஜ் சான்றிதழ், பழைய சி.டி.சி., துறைமுகத்திலிருந்து போட்ட கடிதம், இவற்றின் படங்களைக் குடும்பங்களிடமிருந்து வாங்கி, அந்தந்தக் கப்பலின் பதிவோடு சேர்க்க ஒரு வழி வையுங்கள். உங்கள் பட்டியலில் இல்லாத ஊர்ப் பெயரும் சரியான எழுத்தும் அங்கிருந்து வரும்.

வேலைக்கு ஆள் இல்லை, பணம் இல்லை என்பீர்கள். தெரியும். 1915ஐ முடித்தவர்களும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்தான். தமிழ்ப் பெயர், வங்காளப் பெயர், கொங்கணிப் பெயர் என்று பார்த்தவுடன் அடையாளம் காணக்கூடியவர்கள் அந்தந்த மொழிக்காரர்களே. ஓர் ஆண்டின் இந்திய ஒப்பந்தங்களைப் படமெடுத்துத் திறந்துவிடுங்கள், எழுதியெடுக்கும் வேலையை எங்களிடம் கொடுங்கள். எப்படித் தேடுவது என்ற வழிகாட்டிக் குறிப்பைத் தமிழில் எழுதித் தரவும் நான் தயார். எந்த ஆண்டில் தொடங்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
கப்பலில் கரி போட்ட ஒருவரின் கொள்ளுப்பேத்தி