டிராக்டரை நாற்பதில் ஓட்டச் சொல்லாதீர்கள், குறுக்கே கடக்க வழி கொடுங்கள்: ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவரான மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர்களின் உரிமையாளர்களும் ஓட்டுநர்களும் எழுதுகிறோம். அரவைக்கு முன் நடந்த குழுக் கூட்டத்தின் முடிவு எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது. நான்கு வழிச் சாலையில் டிராக்டர்கள் மணிக்கு 40 கி.மீ.க்குக் குறையாமல் போக வேண்டுமாம். குறைந்தால் போக்குவரத்துக்கு இடையூறு என்று அபராதமாம். ஆலைத் திருப்பத்தில், சாலை நடுவே உள்ள தடுப்பில் (சென்டர் மீடியன்) நாங்கள் சாலையைக் கடக்கும் இடைவெளி பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

முடிவெடுத்தவர்களில் ஒருவராவது டிராக்டரின் பின் டயரைக் குனிந்து பார்த்திருக்கலாம். பல டயர்களின் பக்கவாட்டில் 'ஏ6' என்று அச்சிட்டிருக்கும். அந்த டயர் 30 கி.மீ. வேகம் வரைக்குமானது என்று அதற்குப் பொருள். 'ஏ8' என்றிருந்தால் 40. அதுவும் உச்சவரம்பு. நீங்கள் அதைக் குறைந்தபட்ச வேகமாக்கியிருக்கிறீர்கள். டாப் கியர் போட்டு ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்தாலும், காலி வண்டியே பெரும்பாலும் முப்பதைத் தாண்டிச் சற்றுதான் போகும். லோடு ஏறினால் இருபது.

டிராக்டருக்கு சஸ்பென்ஷன் கிடையாது. முன் அச்சு நடுவில் ஓர் இரும்பு முளையில் ஆடும், அவ்வளவுதான். டிரெய்லரின் பாரம் பின்னால் அழுத்துவதால் முன்பக்கம் ஏற்கெனவே லேசாகத்தான் இருக்கும். வேகம் கூடினால் வண்டி துள்ளும், முன் சக்கரம் எழும்பும், ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. பிரேக் கதை இதைவிட மோசம். எட்டு டன் கரும்பு ஏற்றிய டிரெய்லரில் பெரும்பாலும் பிரேக்கே இருக்காது. இரண்டு டன் டிராக்டரின் பின் சக்கர பிரேக்தான் மொத்தத்தையும் பிடித்து நிறுத்த வேண்டும். இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனியாக உள்ள பிரேக் பெடல்களைச் சேர்த்துக் கொக்கி மாட்டாமல் அவசரத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கம் இழுக்கும், டிரெய்லர் மடங்கி வந்து அதைத் தள்ளும். வேகம் 20-இலிருந்து 40 ஆனால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது.

மெதுவாகப் போவதில் ஆபத்து இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கை நான்கு வழிச் சாலையில் காருக்கு வைத்த வரம்பு 100 கி.மீ. இருபதில் போகும் டிராக்டருக்குப் பின்னால் நூறில் ஒரு கார் வந்தால், 200 மீட்டர் இடைவெளி ஒன்பது வினாடியில் தீர்ந்துவிடும். எப்படியோ நாங்கள் நாற்பதில் போனாலும் பன்னிரண்டு வினாடி. அந்த மூன்று வினாடிக்காகப் பிரேக் இல்லாத எட்டு டன்னைத் துள்ள விடச் சொல்கிறீர்கள்.

உயிர் போகும் இடம் ஆலைத் திருப்பம். கரும்புக் காடு சாலைக்கு ஒரு பக்கம், ஆலை மறுபக்கம். டிராக்டரும் டிரெய்லரும் சேர்த்து ஒன்பது மீட்டர் நீளம். சென்டர் மீடியனின் அகலம் நாலரை மீட்டர். பாதிச் சாலையைக் கடந்து மீடியன் இடைவெளியில் நின்றால், வண்டியின் பாதி நாங்கள் கடந்து வந்த சாலையின் வேகத் தடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். நிற்காமல் போகலாம் என்றால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் காலியாக இருக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து லோ கியரில் கிளம்பும் வண்டி ஆறு கி.மீ. வேகத்தில்தான் நகரும். ஒரு பக்கத்தின் இரண்டு தடங்களையும் ஓரத்தையும் வால் வரைக்கும் தாண்ட ஏறக்குறைய பத்து வினாடி. அந்தப் பத்து வினாடியில் நூறில் வரும் கார் 280 மீட்டர் வந்துவிடும். அந்த இடைவெளியில் நின்று பார்த்தால் 280 மீட்டர் எங்கே தெரிகிறது? அரளிச்செடிதான் தெரிகிறது.

அரளியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏரி வற்றி, கரும்பு காய்ந்து, ஒரு மடை தண்ணீருக்கு நாங்கள் அலைந்த கோடையிலும் மீடியன் அரளிக்கு டேங்கர் லாரி தவறாமல் தண்ணீர் ஊற்றியது. செழிப்பாக ஆளுயரம் வளர்ந்திருக்கிறது. இந்தச் சாலைக்கு நிலம் கொடுத்த விவசாயிக்கு அதே சாலையைக் கடக்க வழியில்லை, அரளிக்கு மட்டும் அத்தனை உபசாரம். ஜனவரி வந்தால் சாலைப் பாதுகாப்பு மாத விழா, ஆலை வாசலில் டிரெய்லருக்கு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், புகைப்படம், டீ, பிஸ்கட். பலகையில் ஒட்டும் அந்த ஸ்டிக்கரை, நீட்டிக்கொண்டு தொங்கும் கரும்பும் காய்ந்த சோகை இலையும் முதல் லோடிலேயே மூடிவிடும். டெயில் லைட்டும் அப்படியே. கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோம், மன்னிக்கவும்.

இரவில் ஏன் வருகிறீர்கள் என்று கேட்பதுண்டு. வெட்டிய கரும்பு மணிக்கு மணி எடையும் சர்க்கரையும் இழக்கும், ஒரு நாளுக்குள் அரைத்தாக வேண்டும். காலையில் வெட்டி, மாலையில் ஏற்றினால் சாலைக்கு வரும்போது இருட்டிவிடுகிறது.

எங்கள் பக்கத் தவறுகளையும் ஒப்புக்கொள்கிறோம். ஹார்ன் காதில் விழாத அளவுக்குப் பாட்டுப்பெட்டி வைத்து ஓட்டும் தம்பிகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அபராதம் போடுங்கள், கைதட்டுவோம். ஒன்றின் பின்னால் இன்னொன்றாக இரண்டு டிரெய்லர் கட்டுபவர்களையும் விடாதீர்கள். வெளிச்சத்துக்கு நாங்களே ஏற்பாடு செய்துகொள்கிறோம். ஓர் இரும்புப் பட்டையில் இரண்டு சிவப்பு எல்.இ.டி. விளக்கு, 50 மி.மீ. சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப், டிராக்டரின் ஏழு பின் மின் சாக்கெட்டிலிருந்து ஒயர். பட்டையைச் சங்கிலியில் கோத்துக் கரும்பு நுனிக்கும் வெளியே தொங்கவிட வேண்டும். ஆலையில் லோடு இறக்கும்முன் கழற்றிவிட்டால் உடையாது. அமெரிக்காவில் 1960-களில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான, சிவப்பு விளிம்பு கொண்ட ஆரஞ்சு முக்கோணத்தை 40 கி.மீ.க்குள் ஓடும் வண்டிகளின் பின்னால் மாட்டுகிறார்கள். 'இது மெதுவான வண்டி' என்று தூரத்திலேயே சொல்லிவிடும். அதையும் அந்தப் பட்டையிலேயே மாட்டலாம், தாங்கள் அனுமதித்தால்.

விளக்கு பின்னால் வருபவருக்குத்தான் உதவும். குறுக்கே போகும்போது வண்டியின் பக்கவாட்டு முழுக்க இருட்டு. அதனால் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான்: கடக்க வழி கொடுங்கள். ஆலைத் திருப்பத்தில் சாலைக்கு அடியில், லோடு ஏறிய கரும்பு வண்டி நுழையும் உயரத்தில் ஒரு சுரங்கப்பாதை வேண்டும். ஆடு மாடு போவதற்கென்று கட்டிய தாழ்வான பாதை எங்களுக்கு ஆகாது. பணம், ஒப்புதல், டெண்டர் என்று நாளாகும், தெரியும். அதுவரை அரவைக் காலத்தில் மாலை ஆறு முதல் விடியும் வரை இரண்டு பக்கமும் போக்குவரத்தை நிறுத்தி வண்டிகளைக் கூட்டமாகக் கடத்திவிட காவலர்களை நிறுத்துங்கள். இடைவெளியின் இரு புறமும் 300 மீட்டருக்கு அரளியை முழங்கால் உயரத்துக்கு வெட்டச் சொல்லுங்கள். நாற்பது கி.மீ. உத்தரவைத் திரும்பப் பெறுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முன் ஓர் இரவு தாங்களே அந்தத் திருப்பத்துக்கு வந்து, பத்து வண்டி கடக்கும் வரை நின்று பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், அன்றைக்கு மட்டும் காவலர்கள் வந்து நின்றுவிடுவார்கள்.

இப்படிக்கு,
கரும்பு டிராக்டர் உரிமையாளர்கள், ஓட்டுநர்கள்