ரக் போட முன்னம் வரவு செலவு தெரிய வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

லண்டன் கம்பனிகளின் கணக்கு வேலையை வன்னியில் இருந்தே செய்யலாம் என்று சென்ற வாரம் வேலைவாய்ப்புப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. ஏழு வருடமாக நான் கிளிநொச்சியில் இருந்து அந்த வேலையைத்தான் செய்கிறேன். ஆனால் இதற்குக் கணக்கீடு தெரிந்திருக்கத் தேவையில்லை, கணினியும் மூன்று மாதப் பயிற்சியும் போதும் என்று அதில் ஓர் இடத்தில் வந்திருக்கிறது. அது சரியில்லை. அதை நம்பிக் காசு கட்டப்போகும் பிள்ளைகளை நினைத்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

கட்டுரையில் டேட்டா என்ட்ரி என்று ஒரே சொல்லில் முடித்திருக்கிறார்கள். பிரித்தானியாவில் ஒரு கம்பனி வருடாந்த வரி விபரத்திரட்டைக் கொடுக்கும்போது மூன்று விஷயம் சேர்ந்து போக வேண்டும். ஒன்று சி.ரி.600 என்ற படிவம். மற்றது அந்த வருடத்துக் கணக்குகள். மூன்றாவது, கணக்கில் வந்த இலாபத்தில் எதைக் கூட்டி எதைக் கழித்து வரிக்குரிய இலாபத்துக்கு வந்தோம் என்று காட்டும் வரிக் கணிப்பீடு. 2011 ஏப்ரல் 1 முதல் இவை ஒன்லைனில்தான் போகின்றன. கணக்கும் கணிப்பீடும் ஐ.எக்ஸ்.பி.ஆர்.எல் என்ற வடிவத்தில் இருக்க வேண்டும். துணைக் கடிதங்கள், விளக்கங்கள் இருந்தால் பிடிஎஃப் ஆக இணைக்கலாம். சாதாரணக் கம்பனி ஒன்றின் கணக்கை அப்படி ஸ்கேன் பண்ணி அனுப்பினால் ஏற்கமாட்டார்கள்.

அந்த வடிவம் என்ன என்று என் அம்மாவுக்கு நான் சொன்ன மாதிரியே சொல்கிறேன். பரந்தனில் ஒரு நெல் ஆலையின் களஞ்சியத்தை எடுங்கள். அடுக்கியிருக்கும் மூட்டைகளைப் போட்டோ எடுத்து அனுப்பினால், பார்ப்பவருக்கு மூட்டை தெரியும், உள்ளே என்ன என்று தெரியாது. ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு துண்டு கட்டி, இது சம்பா, இன்னாருடைய நெல், இந்தக் காலபோகம், இத்தனை கிலோ என்று எழுதிவிட்டால், களஞ்சியத்தைக் காணாதவர்கூடக் கணக்குப் பார்க்கலாம். ஐ.எக்ஸ்.பி.ஆர்.எல் கோப்பு அப்படித்தான். திறந்தால் கண்ணுக்குச் சாதாரண இணையப் பக்கம் போல, சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையும் இலாபநட்டக் கணக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு துண்டு இருக்கிறது. இது ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டிய கடன், இந்தக் கம்பனியுடையது, 2025 மார்ச் 31 அன்று இருந்தது, பவுணில் என்று அது சொல்லும். ரக் போடுதல் என்று நாங்கள் சொல்வது இந்தத் துண்டு கட்டும் வேலையைத்தான். துண்டில் நம் விருப்பத்துக்கு எழுத முடியாது. அங்குள்ள நிதி அறிக்கையிடல் சபை வெளியிடும் நீண்ட பட்டியலில் இருந்து பொருத்தமான பெயரைத் தேடி எடுக்க வேண்டும்.

எந்த எண்ணுக்கு எந்தப் பெயர் என்பதைக் கணக்கு விளங்கியவர்தான் சொல்லலாம். மென்பொருள் பாதியைத் தானாகவே போட்டுவிடும், உண்மைதான். ஆனால் அது போட்டது சரியா என்று யார் பார்ப்பது? கோப்பை ஏற்றும்போது அங்குள்ள வரித் திணைக்களத்தின் கணினி துண்டு இருக்கிறதா, திகதி இருக்கிறதா, கம்பனி இலக்கம் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். மூட்டையைப் பிரித்து நெல்லைப் பார்க்காது.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம், ஒரே பணிப்பாளர் உள்ள சின்னக் கம்பனி ஒன்றின் கணக்கு என் கையில் வந்தது. முந்தைய வருடம் கம்பனி அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது, அதனால் அவருடைய கணக்கு கடன்கொடுத்தோர் பகுதியில் இருந்தது. இந்த வருடம் அவர் வீட்டு வேலைக்குக் கம்பனிக் காசை எடுத்திருந்தார். இப்போது அவர்தான் கம்பனிக்குக் கொடுக்க வேண்டும். நான் பழைய கோப்பைப் பிரதி எடுத்துப் புது எண்களைப் போட்டேன். அந்தத் தொகை கடன்கொடுத்தோருக்குள்ளேயே கழித்தல் குறியோடு வந்து உட்கார்ந்தது. மொத்தம் சமப்பட்டது. ரக் எல்லாம் இருந்தது. மென்பொருள் பச்சை அடையாளம் காட்டியது, கோப்பும் போய்ச் சேர்ந்துவிட்டது.

சில வாரம் கழித்து லண்டனில் இருக்கும் கணக்காளர் வேறு ஏதோ தேவைக்கு அதைத் திறந்து பார்த்துவிட்டு என்னை அழைத்தார். ஏசவில்லை. இந்த மனிதர் கம்பனிக்குக் கொடுக்க வேண்டியவரா, கம்பனி இவருக்குக் கொடுக்க வேண்டுமா என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்படியான கம்பனியில் பங்கும் வைத்திருக்கும் பணிப்பாளர் கடன் எடுத்து, வருட முடிவிலும் அது நிலுவையில் இருந்தால் சி.ரி.600ஏ என்ற துணைப் படிவத்தில் காட்ட வேண்டும். வருடம் முடிந்து ஒன்பது மாதமும் ஒரு நாளும் ஆன பிறகும் திருப்பிக் கட்டாமல் இருந்தால் அந்தத் தொகைக்குத் தனி வரி உண்டு. நான் அந்தப் படிவத்தையே சேர்க்கவில்லை. திருத்தம் கொடுக்கக் காலம் இருந்தது, கொடுத்தோம். ஆனாலும் அந்த மனிதரின் கம்பனி வரியோடு வட்டியும் கட்ட வேண்டி வந்தது. இப்போதும் அவருடைய கணக்கைத் திறக்கும்போது எனக்கு மனம் கனக்கும். உயர்தரத்தில் கணக்கீடு எடுத்த எனக்கே இப்படி என்றால், வரவு எது செலவு எது என்று தெரியாத ஒரு பிள்ளையை இதில் இருத்துவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

வரவு செலவு என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் டெபிற் என்பது வரவு, கிரெடிற் என்பது செலவு. தமிழ்நாட்டில் டெபிற்றைப் பற்று என்றும் கிரெடிற்றை வரவு என்றும் படிப்பிக்கிறார்கள். அதாவது ஒரே சொல் கடலுக்கு அந்தப் பக்கம் மறுபக்கத்துக்குப் போய்விடுகிறது. யூரியூப்பில் கிடைக்கும் நல்ல தமிழ்ப் பாடங்களில் பல அங்கிருந்து வருபவை. அவற்றைப் பார்த்துவிட்டு இங்குள்ள மாணவர் ஐந்தொகையைத் தலைகீழாகப் பிடிப்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். பிள்ளைகளின் கெட்டித்தனத்தில் குறை இல்லை. வகுப்பு எடுப்பவர்கள் முதல் நாளே இதைச் சொல்லி, டெபிற், கிரெடிற் என்ற சொற்களையும் பக்கத்தில் எழுதிக் காட்டினால் பெரும் குழப்பம் தீரும்.

வேலைக்கான தேவை கூடும் என்று கட்டுரை சொன்னது எனக்கும் சரியாகவே படுகிறது. சின்னக் கம்பனிகள் தாங்களே விபரத்திரட்டைக் கொடுப்பதற்கு அங்கு ஓர் இலவச ஒன்லைன் சேவை இருந்தது. அதை 2026 மார்ச் 31 உடன் மூடுவதாக அறிவித்தார்கள். அதன் பின் மென்பொருள் வாங்க வேண்டும், அல்லது கணக்காளரிடம் போக வேண்டும். லண்டனில் சின்னக் கடை, டெலிவரி என்று சொந்தமாகக் கம்பனி வைத்திருக்கும் எங்கள் உறவுகள் பலர் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை: வரி கட்டும் திகதியும் விபரத்திரட்டுக் கொடுக்கும் திகதியும் ஒன்றல்ல. மார்ச் 31 இல் வருடம் முடியும் கம்பனி அடுத்து வரும் ஜனவரி 1 க்குள் வரியைக் கட்ட வேண்டும், விபரத்திரட்டுக்கு அடுத்த வருடம் மார்ச் 31 வரை காலம் இருக்கிறது. கடைசி வாரத்தில் பில்களை வட்ஸ்அப்பில் அள்ளி அனுப்பாதீர்கள் அண்ணாமாரே.

வட்ஸ்அப் என்றதும் ஞாபகம் வருகிறது, இங்கு வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்கும் சொல்கிறேன். இன்னொருவரின் வங்கிக் கூற்றை உங்கள் சொந்தப் போனில் வைத்திருக்காதீர்கள். ஒருவர் தன் வரவையும் கடனையும் நம்பித் தருகிறார்.

அடித்தளம் உள்ள பிள்ளைக்கு உள்ளூரிலும் வேலை இருக்கிறது. எங்கள் கம்பனிகளுக்கும் மார்ச் 31 இல் வருடம் முடிகிறது, நவம்பர் 30 க்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு விபரத்திரட்டுப் போக வேண்டும். படிவமும் சட்டமும் வேறு. ஆனால் வரவும் செலவும் சமப்படுகிறதா என்று பார்க்கும் பரீட்சை மீதி இரண்டுக்கும் ஒன்றுதான். முல்லைத்தீவில் ஐஸ் தொழிற்சாலை நடத்துபவரும் வவுனியாவில் ஹார்ட்வெயார் வைத்திருப்பவரும் இந்த வேலைக்கு ஏன் கொழும்புக்கு ஆள் தேட வேண்டும்? எங்கள் பள்ளிகளில் வர்த்தகப் பிரிவு இருக்கிறது. ஏ.ஏ.ரி என்ற கணக்கீட்டுத் தொழில்முறைப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வணிகக் கற்கைகள் பீடம் இருக்கிறது. இந்த வழியில் வந்தவர்களுக்கு ரக் போடுவதைச் சொல்லிக் கொடுக்க மூன்று மாதம்கூட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு பிள்ளைகள் என் வீட்டுக்கு வருகிறார்கள். முதல் இரண்டு மாதமும் பென்சிலும் கொப்பியும்தான், அதற்குப் பிறகுதான் லப்டொப்பைத் திறக்கவிடுவேன். அவர்களுக்காகக் கணக்குச் சொற்களை எங்கள் வழக்கு, தமிழ்நாட்டு வழக்கு, ஆங்கிலச் சொல் என்று மூன்று நிரலாக எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் பத்திரிகையில் வாரம் ஒரு சிறு பெட்டிக்கு இடம் தந்தால் அதைத் தட்டச்சு செய்து அனுப்பி வைக்கிறேன். அந்த வேலைவாய்ப்புக் கட்டுரையின் வரியையும் தயவுசெய்து திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
கிளிநொச்சி.