ஏழு புளியங்கொட்டைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரோட்டில் மஞ்சள் மண்டி ஒன்றில் 34 ஆண்டுகள் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். டிசம்பர் 22ஆம் நாளைத் தேசியக் கணித நாளாகக் கொண்டாடுகிறோம். 1887இல் அந்நாளில் சீனிவாச இராமானுஜன் பிறந்தது எங்கள் ஊரில், அவருடைய தாய்வழிப் பாட்டனார் வீட்டில். வளர்ந்தது கும்பகோணம், பெயர் பெற்றது கேம்பிரிட்ஜ் என்றாலும், பிறந்த ஊர் என்ற பெருமையை நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. ஆண்டுதோறும் படத்துக்கு மாலை, பேச்சுப் போட்டி, 1729 என்ற எண்ணைப் பற்றிய கதை என்று அந்த நாள் குறைவின்றி நடக்கிறது. இவற்றில் எனக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. ஆனால், அன்று மாலை வீடு திரும்பும் பிள்ளைகளில் எத்தனை பேர் மதிப்பெண்ணுக்காக அல்லாமல், தம் ஆசைக்காக ஒரு கணக்கையாவது போட்டுப் பார்க்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்கு மகள் வயிற்றுப் பேத்தி வந்திருக்கிறாள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரியிடமிருந்து ஒரு கை கொட்டையை வாங்கி, நான்கை மட்டும் அவள் முன் வைத்து, இவற்றை எத்தனை விதமாகக் குவியல் பிரிக்கலாம் என்று கேட்டேன். எந்தக் குவியல் முன்னே, எது பின்னே என்பது கணக்கில்லை. நான்கும் ஒரே குவியல்; மூன்றும் ஒன்றும்; இரண்டும் இரண்டும்; இரண்டு, ஒன்று, ஒன்று; நான்கும் தனித்தனி. ஆக ஐந்து விதம். இரண்டு கொட்டைக்கு 2, மூன்றுக்கு 3, நான்குக்கு 5, ஐந்துக்கு 7, ஆறுக்கு 11 என்று தரையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிக்கொண்டே போனவள் சட்டென்று நிமிர்ந்து, “அப்பச்சி, இதெல்லாம் பகா எண்ணுங்க. அடுத்தது பதிமூணுதான்” என்றாள். நான் வாயே திறக்கவில்லை. ஏழு கொட்டைகளைப் பரப்பி அரை மணி நேரம் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். வந்தது 15. எண்ணியதில் பிழையோ என்று மறுபடியும் தொடக்கத்திலிருந்து எண்ணினாள். அப்போதும் 15. அவள் முகத்தில் தெரிந்த கோபத்தை நான் வேறெந்தப் பாடப் புத்தகத்தின் முன்னும் கண்டதில்லை. இரவுச் சோற்றுக்குக் கூப்பிட்டும் வரவில்லை என்று வீட்டுக்காரிக்குத்தான் வருத்தம்.

இந்தக் குவியல் கணக்கு பிள்ளை விளையாட்டு அன்று. இராமானுஜன் தம் இறுதி ஆண்டுகளில் ஆழ்ந்து கிடந்த கணக்கே இதுதான். மக்மேகன் என்ற கணிதர் 200 வரையிலான எண்களுக்கு இப்படிப் பிரிக்கும் வகைகளைக் கையாலேயே கணக்கிட்டு அட்டவணை தந்திருந்தார். 200க்குரிய விடை மட்டும் 3,97,299 கோடிக்கு மேல். அந்த அட்டவணையைப் பார்த்த இராமானுஜன், 4, 9, 14, 19 என்று நான்கிலோ ஒன்பதிலோ முடியும் எண்களுக்கான விடைகள் எல்லாம் ஐந்தால் மீதியின்றி வகுபடுவதைக் கண்டார்: நான்குக்கு 5, ஒன்பதுக்கு 30, பதினான்குக்கு 135. கண்டதோடு விடாமல், அது என்றும் அப்படியே இருக்கும் என்பதற்கான நிறுவலையும் 1919இல் வெளியிட்டார். பேத்தியின் பகா எண் ஊகம் ஏழாவது கொட்டையில் உடைந்தது. அவருடைய ஊகம் உடையவில்லை. ஊகிப்பதும், அதைச் சோதிப்பதும், உடைந்தால் ஏன் என்று கேட்பதுமாகிய இந்த வேலையை எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் அனைவரும் ஒருமுறையேனும் செய்து பார்க்க வேண்டும் என்பதே என் விருப்பம். பணச்செலவு ஒரு கை புளியங்கொட்டை.

தடையாக நிற்பது பெரும்பாலும் பெரியவர்களாகிய நம் வாய்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகள், பிள்ளையின் எதிரிலேயே “எனக்குக் கணக்கு சுட்டுப்போட்டாலும் வராதுங்க” என்கிறாள். ஆனால் அக்கம்பக்கத்தாரோடு அவள் கட்டும் ஏலச்சீட்டில், 20 பேர் கட்டும் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை ஒருவர் 18,000 தள்ளி எடுத்தால், கமிஷன் 5,000 போக மீதி 13,000, ஆளுக்கு 650 கழிவு, இந்த மாதம் 4,350 கட்டினால் போதும் என்று பேப்பரும் பேனாவும் இல்லாமல் சொல்லிவிடுகிறாள். இது கணக்கு இல்லையென்றால் வேறு எது? வராது என்று தாய் சொல்வதைக் கேட்கும் பெண் குழந்தை, தனக்கும் வராமல் இருப்பதுதான் இயல்பு என்று எடுத்துக்கொள்கிறது. அந்த ஒரு சொல்லை வீட்டில் நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

கணித நாள் மார்கழியில் வருவதும் நமக்கு வாய்ப்பாகவே அமைந்திருக்கிறது. நேர்ப்புள்ளி ஏழு வைத்து, இரண்டிரண்டாகக் குறைத்து இருபுறமும் ஒன்றில் முடிக்கும் கோலத்தில் மொத்தம் 25 புள்ளிகள். தலையைச் சாய்த்துப் பார்த்தால் அதற்குள் நான்குக்கு நான்காக 16 புள்ளிகள் கொண்ட ஒரு சதுரமும், அதன் இடைவெளிகளில் மூன்றுக்கு மூன்றாக 9 புள்ளிகள் கொண்ட இன்னொரு சதுரமும் இருப்பது தெரியும். கடைக்கால் போடும் கொத்தனார் மூலைமட்டம் பார்க்க மூன்றடி, நான்கடி அளந்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று நூல் பிடிப்பதும் இதே 9, 16, 25தான். வாசலில் கோலம் போடும் அம்மாவும் கட்டட வேலைக்குப் போகும் அப்பாவும் இதைப் பிள்ளைக்குக் காட்ட எந்தப் பட்டமும் தேவையில்லை.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறேன். இதையும் போட்டியாக்கிப் பரிசுக் கோப்பை வைத்துவிடக் கூடாது. எங்கள் குடியிருப்பில் ஒருமுறை மனக்கணக்குப் போட்டி வைத்தார்கள். நிமிடத்துக்கு இத்தனை விடை என்று மணி அடித்ததில், நிதானமாக யோசிக்கும் பிள்ளைகள் எல்லாம் கடைசியில் நின்றார்கள். அவர்களில் இருவர் மறு ஆண்டு அந்தப் பக்கமே வரவில்லை. வாய்ப்பாடு வேண்டாம் என்பவன் அல்லன் நான். மண்டியில் அது எனக்குச் சோறு போட்டது. ஆனாலும் வேகம் வேறு, கணக்கின் சுவை வேறு.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு கணக்குக்கு இடம் ஒதுக்குங்கள். விடையை அதே பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சிடாமல் ஒரு வாரம் கழித்து வெளியிடுங்கள். வீட்டில் நாலு பேர் அதைப் பற்றிப் பேச அந்த ஒரு வாரம் வேண்டும். சரியான விடை அனுப்பியவர்களின் பெயர்ப் பட்டியலைக் காட்டிலும், பிள்ளைகள் எப்படியெல்லாம் யோசித்தார்கள் என்பதை, தவறான யோசனைகளையும் சேர்த்து, நான்கு வரி வெளியிட்டால் நன்று. கிளை நூலகங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மேசையை இதற்கென விட்டுத் தரலாம். ஆடுபுலி ஆட்டக் கட்டம் ஒன்றும் பல்லாங்குழி ஒன்றும் அதன்மேல் இருந்தால் பெரியவர்களும் தாமாக வந்து உட்காருவார்கள்.

இன்னொன்று. பேத்தி இப்போது பத்துக் கொட்டைகளில் இருக்கிறாள். 41 விதங்கள் எழுதி முடித்துவிட்டதாகச் சொல்கிறாள். ஒன்று விடுபட்டிருப்பதை நான் இன்னும் சொல்லவில்லை. அவள் தங்கள் நாளிதழைத் தவறாமல் படிப்பவள் ஆதலால், இக்கடிதத்தை வெளியிடுவதாயின் அவள் ஊருக்குத் திரும்பும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஈரோடு.