மகனுக்கு: உன் வாகனம் எத்தனை மீற்றர் நீளம்?

அன்புள்ள மகன்,

நானும் அம்மாவும் நல்ல சுகம். நீயும் மருமகளும் சின்னவளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ போன் எடுத்து ஐந்து கிழமையாகிறது. உனக்கு வேலை கூட என்று அம்மா சொல்லுகிறா. இருக்கட்டும்.

மெதுவாக என்றாலும் உனக்குத் தமிழ் வாசிக்க வரும் என்பதால் எழுதுகிறேன். போனில் தொடங்கினால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும். உனக்கும் என் குணம்தான்.

முதலில் ரோட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். கட்டிலும் தண்ணீர்த் தாங்கியும் பூட்டி வீடு மாதிரி ஆக்கிய அந்த மோட்டார்ஹோமில்தான் ஸ்கொட்லாந்தின் வடக்கே எங்களிடம் வருவோம் என்று முடிவெடுத்திருந்தால் இன்வர்னெஸ்ஸிலிருந்து உல்லாப்பூல் வழியாக வா. அது அகலமான நல்ல ரோட்டு. படம் பார்த்துவிட்டு அப்பிள்குரொஸ் மலைப்பாதைக்குப் போகாதே. அந்தப் பாதையின் பெயர் பியலஹ் ந பா, இங்கத்தைய பழைய மொழியான கேலிக்கில் மாட்டுக் கணவாய் என்று அர்த்தம். பெயரிலேயே இருக்கிறது, மாடு சாய்த்துக்கொண்டு போன பாதை அது. 626 மீற்றருக்கு ஏறுகிறது. சில வளைவில் ஐந்தடி போனால் ஓரடி உயரும். புதிதாக ஓடப் பழகுகிறவர்களும் மிகப் பெரிய வாகனங்களும் கரவன்களும் வரவேண்டாம் என்று தொடக்கத்திலேயே பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். லொச்சின்வரிலிருந்து டிரம்பெக் போகும் கரையோர ரோட்டும் உனக்கு வேண்டாம்.

உல்லாப்பூல் தாண்டி எங்கள் பக்கம் திரும்பினால் ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய ஒற்றை ரோட்டுத்தான். மற்ற வாகனத்துக்கு வழி விட ரோட்டோரத்தில் அகலமாக்கி விட்டிருக்கிற பாசிங் பிளேஸ் உன் இடப்பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்கு. வலப்பக்கம் இருந்தால் உன் பக்கத்திலேயே நின்று, எதிரில் வருகிறவனை அதற்குள் விடு. பின்னால் வருகிறவனுக்கும் அதில் ஒதுங்கித்தான் வழி விடவேண்டும், இதைத்தான் லண்டன்காரர் மறந்துபோகிறார்கள். அதில் நிறுத்திப் படம் எடுக்காதே. தேத்தண்ணி வைக்காதே.

அம்மா வயதுபோன ஆட்களை அவரவர் வீட்டில் போய்ப் பார்க்கிற வேலையை இன்னும் விடவில்லை. போன ஆனியில் ஒருநாள் ஆறு மோட்டார்ஹோம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஒன்றுக்கும் பின்னால் எடுக்கத் தெரியாமல், இவவின் சின்னக் கார் நடுவில் மாட்டுப்பட்டுவிட்டது. நாற்பது நிமிடம். போய்ச் சேர்ந்தபோது அந்த மனுஷி கட்டிலில் நனைந்தபடி, மருந்தும் போடாமல், யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தாவாம். "நீ வராமல் விட்டிடுவாயோ எண்டு பயந்திட்டன்" என்றாவாம். அம்மா அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. பாசிங் பிளேஸ் பற்றி நான் திரும்பத் திரும்பச் சொல்லுவது இதனால்தான்.

நாங்கள் 2008-இல் கடையை வாங்கியபோது நீ பதினொரு வயதுப் பிள்ளை. கோடையில் சைக்கிள்காரர் கொஞ்சப்பேர், மீன்பிடிக்க வருகிறவர்கள் கொஞ்சப்பேர், அவ்வளவுதான். 2015-இல் சுற்றுலாவுக்கென்று இந்த ரோட்டுகளைச் சேர்த்து நோர்த் கோஸ்ட் 500 என்று பெயர் வைத்தார்கள். இன்வர்னெஸ் கோட்டையில் தொடங்கி வடக்குக் கரையெல்லாம் சுற்றித் திரும்பவும் அதே கோட்டைக்கு 516 மைல். ரோட்டு பழைய ரோட்டுத்தான், பெயர்தான் புதிது. பெயர் வைத்தவர்கள் ரோட்டை அகலமாக்கவில்லை, கக்கூஸ் கட்டவில்லை. உனக்கு மறைக்க ஒன்றும் இல்லை, அந்தச் சனம் வந்திராவிட்டால் இந்தக் கடை எப்போதோ பூட்டியிருக்கும். உன் பல்கலைக்கழகக் காசில் பாதி அவர்களுக்கு விற்ற பாணும் பாலும்தான். பக்கத்து வீட்டு மனுஷி அறை வாடகைக்கு விட்டுத்தான் கூரை திருத்தினா. அப்படி இருந்தும் ஊர் கசந்துபோயிற்று.

மோட்டார்ஹோம்காரரில் கனபேர் இன்வர்னெஸ் சுப்பர்மார்க்கெட்டில் குளிர்ப்பெட்டி நிரம்ப வாங்கிக்கொண்டு வருகிறார்கள். கடைக்குள் வந்து தண்ணீர் பிடிக்கலாமா, கக்கூஸ் இருக்கிறதா என்று இரண்டே கேள்விதான் கேட்பார்கள். நீ அப்படி வராதே. பால், முட்டை, பாண், காஸ் எல்லாம் வழியில் உள்ள சின்னக் கடைகளில் வாங்கு, ஒரு பவுண் கூட என்றாலும் வாங்கு.

கக்கூஸ் பெட்டியை எங்கே ஊற்றுகிறாய் என்பது அடுத்த விஷயம். அதற்கென்று வைத்த இடம் கேம்ப்சைட்டுகளில் இருக்கிறது, அங்கேதான் ஊற்றவேண்டும். ஓடையிலும் ஊற்றாதே, பொதுக் கழிப்பறையிலும் ஊற்றாதே. இங்கே நிலத்துக்குக் கீழே உள்ள மலக்குழியை நம்பித்தான் அநேக வீடும் பொதுக் கழிப்பறையும் நடக்கிறது. நீ பெட்டிக்குள் விடும் அந்த நீல மருந்து குழிக்குள் கழிவைக் கரைக்கிற கிருமியைக் கொன்றுவிடும். பிறகு குழி பொங்கும்.

போன தடவை நீ "ஸ்கொட்லாந்தில் யாரும் எங்கும் படுக்கலாம், சட்டமே இருக்கப்பா" என்றாய். அரைவாசிதான் சரி. 2003-ஆம் ஆண்டு நிலச் சட்டம் நடந்து போகிறவனுக்கும் சைக்கிளில் போகிறவனுக்கும் கூடாரம் அடிக்கிறவனுக்கும் உரிமை கொடுக்கிறது. இயந்திரம் பூட்டிய வாகனத்துக்கு அந்த உரிமை கிடையாது. நிலக்காரனைக் கேட்டுத்தான் நிற்கவேண்டும். 2024-இல் இங்கத்தைய உள்ளூராட்சிச் சபையான ஹைலண்ட் கவுன்சில் மோட்டார்ஹோம்காரருக்கு ஏழு நாளுக்கு 40 பவுண் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குளிக்க இடம், அனுமதி உள்ள தரிப்பிடங்களில் இரவு நிற்க இடம். கட்டாயம் இல்லை, விரும்பினால் கட்டலாம். இப்போதும் இருந்தால் நீ கட்டு. கட்டியதற்கான சீட்டைக் கையோடு வைத்திரு.

கடற்கரைப் புல்லில் ஏற்றாதே. மகேர் என்கிற அந்தப் புல் மணலுக்கு மேல் மெல்லிசாகப் போர்த்திய மாதிரித்தான் நிற்கிறது. ஒரு சில்லு கிழித்தால் குளிர்காலக் காற்று அந்தக் கிழிசலில் பிடித்து மணலை அள்ளிக்கொண்டு போய்விடும். நீ பட்டம் விட்ட இடத்தில் இப்போது மூன்று பள்ளம். நான் அடியால் அளந்து பார்த்தேன், பெரியது ஒன்பது அடி.

2025-இல் போக முன்னம் யோசியுங்கள் என்று ஃபோடர்ஸ் பயண வழிகாட்டிக்காரர் ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் நோர்த் கோஸ்ட் 500-உம் இருந்தது, கேரளாவும் இருந்தது. அம்மா பார்த்துவிட்டு "அங்கையும் எங்களை மாதிரிச் சனம் வாய்விட்டு அழுதிருக்குது போல" என்றா.

இங்கே சனம் என்ன செய்கிறது என்றும் உனக்குத் தெரியவேண்டும். ரோட்டோரத்தில் நிற்கக்கூடிய இடமெல்லாம் ட்ராக்டரால் பாறை உருட்டிப் போட்டிருக்கிறார்கள். நிறுத்திய வாகனத்தைக் கண்டால் ஹோர்ன் அடித்துக்கொண்டு போவார்கள். நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவார்கள், அதன் கீழே எழுதுகிறதை வாசிக்க ஏலாது. இவர்கள் கெட்ட சனம் இல்லை, தம்பி. எனக்கு நெஞ்சு நோவு வந்த அன்று பனிக்குள் என்னை இன்வர்னெஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும், ஃபேஸ்புக்கில் ஆகக் கூடுதலாகத் திட்டி எழுதுகிறவரும் ஒரே ஆள். அந்தக் காலத்தில் ஆடு வளர்க்க இடம் வேண்டும் என்று நிலச்சொந்தக்காரர் பரம்பரை பரம்பரையாக நிலத்திலிருந்து துரத்திய சனத்தின் பேரப்பிள்ளைகள். இப்போது வீடு விற்பனைக்கு வந்தால் விடுமுறைக்கு வருகிறவன் வாங்குகிறான், தங்கள் பிள்ளைக்கு வாங்கக் காசு காணாது. அந்தக் கோபம் முழுக்க வெள்ளை நிற வாகனம் ஒன்றைக் கண்டதும் அதன்மேல் இறங்குகிறது.

அந்த வாகனத்தின் கதவைத் திறந்துகொண்டு நீ இறங்குவாய். வெள்ளைக்காரன் இறங்கினால் மோட்டார்ஹோம்காரன் என்று திட்டுவார்கள். நீ இறங்கினால் என்ன சொல்லுவார்கள் என்று யோசித்து நான் இரவில் எழும்பி இருக்கிறேன். எங்களைத் தெரிந்தவர்கள் சொல்லமாட்டார்கள். மற்ற ஊர்க்காரருக்கு நீ என் மகன் என்று தெரியாது.

நீ அனுப்பிய படங்கள் பார்த்தேன். பழைய சாமான் வானை வாங்கி, வயர் இழுத்து, தண்ணீர்த் தாங்கி பூட்டி, சின்னவள் உருண்டு விழாமல் கட்டிலுக்கு மரச்சட்டம் அடித்து, எல்லாம் உன் கையால். அந்த மூலையை வட்டமாக அரத்தால் ராவியிருக்கிறாயே, அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் அப்பா தச்சுவேலையில் அப்படித்தான் மூலை எடுப்பார். உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இதைப் போனில் சொல்லியிருக்கவேண்டும். நான் சொன்னது "இன்வர்னெஸ்ஸில் நிப்பாட்டிப்போட்டு கார் பிடிச்சு வா" என்றுதான். நீ "ஏனப்பா, கடைக்கு முன்னால நிண்டா உங்களுக்கு வெக்கமோ?" என்று கேட்டாய். நான் போனை அம்மாவிடம் கொடுத்தேன்.

வெட்கம்தான். உன்னை நினைத்து இல்லை.

2020 ஆடியில் கொரோனாக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும் வெளிநாடு போக முடியாத சனம் முழுக்க இங்கே இறங்கிற்று. ஊரில் பாதிப்பேர் எழுபது தாண்டியவர்கள். எல்லோரும் பயந்துபோய் இருந்தார்கள். ஊர்க் கூட்டத்தில் நான் எழும்பி, ஒருவரையும் இரவில் நிற்க விடக்கூடாது என்று கதைத்தேன். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக எனக்குக் கை தட்டினார்கள். கடற்கரையில் இப்போதும் நிற்கிற "இரவில் நிறுத்தத் தடை" பலகை நான் எழுதியது. நீ கிட்டப் போனால் என் கையெழுத்து என்று கண்டுபிடிப்பாய்.

ஆவணியில் ஒரு இரவு, பதினொரு மணி இருக்கும், மழை. பலகைக்குப் பக்கத்திலேயே ஒரு மோட்டார்ஹோம் வெளிச்சம். நான் ரோர்ச்சை எடுத்துக்கொண்டு போய், யன்னலில் கையால் அறைந்தேன். தட்டவில்லை, அறைந்தேன். உள்ளே குழந்தை ஒன்று வீரிட்டு அழுதது. ஒரு பெடியன், உன் வயதுதான் இருக்கும், கதவைத் திறந்து, மன்னித்துக்கொள்ளுங்கள், இருட்டில் இந்த ரோட்டில் ஓடப் பயமாக இருக்கிறது, விடியப் போய்விடுகிறோம் என்றான். இப்போதே போ என்றேன். அவனுக்குப் பின்னால் ஒரு பிள்ளைத்தாய் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்கள் போய்விட்டார்கள். அந்த மழைக்குள், அந்த ஒற்றை ரோட்டில். சிவப்பு வெளிச்சம் வளைவில் மறையும்வரை நின்றேன்.

கைதடி விறாந்தைக் கதையை உனக்கும் அக்காவுக்கும் நூறு தரம் சொல்லியிருக்கிறேன். 1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணத்துச் சனம் போருக்குப் பயந்து ஊரோடு வெளிக்கிட்ட அந்த இரவு. அதே மாதிரி மழை. அக்காவுக்கு எட்டு மாதம், அம்மாவின் தோளில். நாவற்குழிப் பாலத்தில் அடி வைக்க இடம் இல்லை. அந்தப் பெரியவர் படலையைத் திறந்துவிட்டு, யார் எவர் என்று ஒரு சொல் கேட்காமல், விறாந்தையில் சாக்கு விரித்தார். அந்தக் கதையைச் சொன்ன வாயால்தான் இப்போதே போ என்றேன். விடுமுறைக்கு வந்தவனும் ஓடி வந்தவனும் ஒன்றில்லை என்று எனக்கே ஆயிரம் தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். குழந்தை அழுத சத்தம் ஒன்றுதான்.

இதை அம்மாவுக்கும் சொல்லவில்லை. அவ வாசித்தால் வாசிக்கட்டும்.

விடியப் போய்ப் பார்த்தேன். மோட்டார்ஹோம் சமனாக நிற்கச் சில்லுக்குக் கீழே வைக்கிற மஞ்சள் பிளாஸ்டிக் ஆப்பு இரண்டும் புல்லில் கிடந்தது. அவசரத்தில் விட்டுப்போய்விட்டார்கள். அவன் திரும்பி வருவான், கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லலாம் என்று கொட்டிலுக்குள் எடுத்து வைத்தேன். வரவில்லை. இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

போன ஞாயிறு கடைக்குப் பின்னால் பழைய மீன்பெட்டிகளை எல்லாம் அகற்றினேன். பக்கத்துக் காணிக்காரரிடம் நேரே போய், என் மகன் மோட்டார்ஹோமில் வருகிறான், ஒரு கிழமை நிற்பான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு கல்லுப்போட்டு நிரவத் தன் ட்ராக்டரைத் தருகிறேன் என்றார். சுவரிலிருந்து ஓடைக்கரை வரை ஏழு மீற்றரும் அறுபது சென்ரிமீற்றரும் இருக்கிறது. கடல் பக்கம் நிலம் சரிவு, அந்த மஞ்சள் ஆப்பு இரண்டும் கழுவி வைத்திருக்கிறேன், முன்சில்லுக்குக் காணும். மின்சாரம் கடையிலிருந்து இழுக்கலாம், அதை நீ வந்து பார்.

பாசிங் பிளேஸில் நிற்காதே. பியலஹ் ந பா வேண்டாம்.

வாகனம் எத்தனை மீற்றர் நீளம் என்று சொல்லவில்லை நீ. பின்னால் சைக்கிள் கொளுவுகிற கம்பியையும் சேர்த்து அளந்து, போன் எடுத்துச் சொல்லு. பத்து மணிக்குப் பிறகு எடுத்தாலும் நான் முழித்துத்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
அப்பா