ரோடு போகாத காடு

அன்பு மகளுக்கு,

அண்ணன் வீட்டில் எல்லோரும் சுகம். மெம்ஃபிஸ் வந்ததிலிருந்து காலையில் நான் நடக்கப் போகிற ஓவர்டன் பார்க்கைப் பற்றி உனக்கு எழுதியே ஆகவேண்டும், ஏனென்றால் ரோட்டுக்கு வழி குறிக்கிறவள் நீ.

ஊருக்கு நடுவே 342 ஏக்கர் பூங்கா. புல்வெளி, மிருகக்காட்சி சாலை எல்லாம் உண்டு, அதை விடு. அதற்குள்ளேயே யாரும் நட்டு வளர்க்காத ஒரு காடு இருக்கிறது, ஓல்ட் ஃபாரஸ்ட் என்கிறார்கள். டியூலிப் பாப்லர் என்று ஒரு மரம், வெகு உயரம் வரை கிளையே விடாமல் நேராக ஏறிப்போகிறது, அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்துவிட்டது. பக்கத்திலேயே பெரிய பெரிய ஓக் மரங்கள், அவற்றின் மேல் ஏறிய காட்டுத் திராட்சைக் கொடிகள். மரம் விழுந்தால் பாதையை மறிக்கிற துண்டை மட்டும் அறுத்து ஒதுக்குகிறார்கள், மற்றதெல்லாம் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. அதில் காளான் முளைக்கிறது, வண்டு குடைகிறது, வண்டைத் தேடி மரங்கொத்தி வருகிறது, கடைசியில் மரமே மண்ணாகிறது. ஒரு பெரிய மரம் சாய்ந்தால் மேலே வெளிச்சம் விழ இடம் கிடைக்கும் இல்லையா, நிழலில் பல வருடம் குட்டையாகவே நின்ற கன்றுகள் அப்போதுதான் விறுவிறுவென்று எழும்புகின்றன. அதனால் பாட்டி வயது மரமும் பேத்தி வயது மரமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நட்டு வளர்த்த தோப்பில் இதைப் பார்க்க முடியாது, அங்கே எல்லாம் ஒரே வயது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பூங்காவுக்குக் குறுக்கே ஐ-40 நெடுஞ்சாலையைக் கொண்டுபோகத் திட்டம் போட்டிருந்தார்கள். கிழக்குப் பக்கம் வழியில் இருந்த வீடுகளை இடித்தும் விட்டார்கள். ஊர்க்காரர்கள் சங்கம் சேர்த்து, வழக்குப் போட்டு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1971 மார்ச்சில் தீர்ப்பு. வேறு நியாயமான வழி இருக்கும்வரை பூங்கா நிலத்தில் ரோடு போட மத்திய அரசின் பணம் தரக்கூடாது என்று சட்டமே இருந்தது, அதிகாரிகள் அதைச் சரியாகப் பார்த்தார்களா என்று மறுபடி விசாரிக்கச் சொன்னது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பில் நீதிமன்றம் சொன்ன ஒரு விஷயத்தை நீ கவனிக்க வேண்டும். செலவையும் மக்களுக்கு வரும் சிரமத்தையும் மட்டும் கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் பூங்காதான் பலியாகும், ஏனென்றால் நிலம் ஏற்கெனவே அரசுடையது, அங்கே யாரும் குடியிருக்கவில்லை, யாரையும் காலி செய்யச் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு சரி! மலிவாகத் தெரிகிற நிலம் எப்போதும் மரம் நிற்கிற நிலம்தானே.

அப்புறமும் பல வருடம் இழுத்து, கடைசியில் திட்டத்தைக் கைவிட்டார்கள். ஐ-40 இப்போது ஊரின் வடக்கே சுற்றிக்கொண்டு போகிறது. 2011-ல் இந்தக் காட்டில் 126 ஏக்கரை மாநில இயற்கைப் பகுதியாக அறிவித்துச் சட்டப் பாதுகாப்பும் கொடுத்துவிட்டார்கள்.

உன் வேலையைக் குறை சொல்லவில்லை கண்ணு, ரோடும் வேண்டும்தான். ஆனால் வரைபடத்தில் ஒரு பச்சைத் திட்டு வழியில் வந்தால், கோடு போடுவதற்கு முன்னால் ஒரு தடவை அதற்குள் நடந்து பார்த்துவிட்டு வா. எத்தனை வயது மரங்கள் நிற்கின்றன என்று பார். உன் மேலதிகாரி கேட்டால் இந்த வழக்கைச் சொல்.

லீவு கிடைத்தால் வசந்தத்தின் தொடக்கத்தில் வா, மேலே இலை மூடுவதற்குள் தரையில் காட்டுப்பூக்கள் பூத்துவிடும் என்று அண்ணன் சொல்கிறான். டிக்கெட் போடுவதற்கு முன் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

அம்மா