முன்பள்ளியிலேயே கண் பரிசோதனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுவர்கள் கைத்தொலைபேசி பார்ப்பதால் தூரத்துப் பொருள் மங்கும் குறும்பார்வை வந்து அவர்களின் பார்வை கெடுகிறது என்று எச்சரித்துத் தங்கள் வாரமலரில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை எங்கள் முன்பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். கூட்டம் கலைந்து போகையில் ஒரு தாய், "நாங்க பிள்ளைக்குப் போன் குடுக்கிறல்ல ரீச்சர், அதால எங்களுக்குப் பயமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நிம்மதிதான் இக்கடிதத்தை எழுத வைத்தது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக முன்பள்ளி ஆசிரியையாக இருக்கும் நான், போனையே தொட்டறியாத ஒரு பிள்ளையின் கண்ணில் இருந்த குறையை, அவனைத் தினமும் என் முன்னால் இருத்தி வைத்துக்கொண்டே கவனியாமல் விட்டவள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில் யானைக்குக் கண் வைக்கும் போட்டி நடத்தினோம். நான்கு வயது கடந்த ஒரு பையனின் கண்களை லேஞ்சியால் கட்டி, மூன்று தரம் சுற்றிவிட்டு, கையில் வெண்கட்டியைக் கொடுத்தேன். முடிச்சுச் சரியாக விழவில்லை. இரண்டடி நடப்பதற்குள் லேஞ்சி வலப்பக்கமாகச் சரிந்து, இடது கண் முழுவதும் வெளியே வந்துவிட்டது. மற்றப் பிள்ளைகள், "ரீச்சர், இவன் அளாப்புறான், ஒத்தக் கண்ணால பாக்கான்" என்று கூச்சலிட்டார்கள். அவனோ கரும்பலகையைக் கையால் தடவித் தடவிப் போய், யானையின் வாலுக்குக் கீழே ஒரு வட்டம் போட்டான். அளாப்பியதற்காக அவனை ஏசிவிட்டு, லேஞ்சியை இறுக்கிக் கட்டி மறுபடியும் அனுப்பினேன். ஒரு கண் திறந்திருந்தும் அவன் ஏன் வாலடியில் கண் வைத்தான் என்ற கேள்வி, அன்றிரவு சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவும்போதுதான் எனக்கு வந்தது.

மறுநாள் அவனை வாசலில் நிறுத்தி, வலது கண்ணை என் உள்ளங்கையால் மூடி, மாமரத்து ஊஞ்சலில் இருப்பது யார் என்று கேட்டேன். கையைத் தள்ளிவிட்டு அழத் தொடங்கினான். இடது கண்ணை மூடியபோது பெயரைச் சொன்னதோடு, அவள் தன்னுடைய முறையைப் பறித்துவிட்டாள் என்று முறையிடவும் செய்தான். மாறுகண் இல்லை, கண்சிவப்பு இல்லை, நீர் வடிதல் இல்லை. ஓடுவதிலும் படம் கீறுவதிலும் மற்றவர்களுக்கு அவன் குறைந்தவனல்லன். பிறந்தது முதல் ஒரு கண்ணால் மட்டும் தெளிவாகப் பார்க்கும் பிள்ளை, எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொள்வதால், அது நம்மிடம் வந்து சொல்லும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

வைத்தியசாலையில் கண் வைத்திய நிபுணர் மருந்துத் துளி விட்டுப் பரிசோதித்தார். இடது கண்ணில் மட்டும் அதிக அளவில் நீள்பார்வை (கிட்டத்தில் மிகவும், கூடினால் தூரத்திலும் மங்கும் குறை) இருப்பதாகவும், அந்த வேறுபாட்டினால் அது சோம்பற்கண் ஆகிவிட்டதாகவும் கூறினார். பெயர் என்னவோ கண்ணைத்தான் குற்றஞ்சாட்டுகிறது. உண்மையில், ஒரு கண் தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் காட்டும்போது, மங்கலானதை மூளை ஒதுக்கப் பழகிவிடுவதே இக்குறை. மாறுகண், இமை தொங்குதல், பிறவிக் கண்புரை என்பனவும் இதே நிலைக்கு இட்டுச்செல்லும். பல நாடுகளின் கணக்கெடுப்புகளில் நூறு பிள்ளைகளுள் ஏறக்குறைய இரண்டு அல்லது மூன்று பேரிடம் இது காணப்பட்டிருக்கிறது.

காலம் ஏன் இதில் இவ்வளவு முக்கியம் என்பதை 1960களில் டேவிட் ஹியூபல், டோர்ஸ்டன் வீசல் ஆகிய இருவரும் செய்த ஆய்வு காட்டியது. பூனைக்குட்டிகளின் ஓர் இமையை மூடித் தைத்து, சில மாதங்களின் பின்னர் அவர்கள் திறந்து பார்த்தபோது, கண் பழுதின்றி இருந்தும், மூளையில் பார்வைக்குரிய பகுதியின் கலங்கள் அந்தக் கண்ணிலிருந்து வந்த தகவலை ஏறக்குறைய முற்றாகப் புறக்கணித்தன. வளர்ந்த பூனையின் கண்ணை அவ்வாறு மூடிவைத்தபோது அந்தக் கேடு நேரவில்லை. இப்பணிக்காக 1981இல் அவர்கள் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். பிறவிக் கண்புரையோடு பிறக்கும் சிசுவுக்கு, வளரட்டும் பார்ப்போம் என்று விடாமல், முதல் சில வாரங்களுக்குள்ளேயே சத்திரசிகிச்சை செய்ய இன்று வைத்தியர்கள் அவசரப்படுவதும் இந்த அறிவினால்தான்.

எங்கள் பையனுக்குக் கண்ணாடியும், நல்ல கண்ணை நாளுக்கு இரண்டு மணித்தியாலம் ஒட்டி மூடிவைக்கும் சிகிச்சையும் தரப்பட்டன. பரிசோதனை இலவசம், கண்ணாடிக்கு மட்டும் வெளியில் பணம் கொடுத்தோம். தாய் மத்திய கிழக்கில் வேலைக்குப் போயிருந்ததால் அவனை வளர்ப்பது அம்மம்மாதான். கண்ணை ஒட்டிக்கொண்டு தெருவில் திரிந்தால் ஊர் கேட்கும், கண்ணூறு படும் என்று அவர் முதலில் மறுத்தார். இரண்டு மணித்தியாலம்தானே, வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்று விளக்கிய பிறகே சம்மதித்தார். மதியச் சாப்பாடு முடிந்ததும் கண்ணை ஒட்டி, பாயில் இருத்தி, புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாக எண்ணிச் சிரட்டையில் போடவைப்பார்.

அந்த இரண்டு மணித்தியாலம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்பதைத் தேடி அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. முன்பெல்லாம் நாளின் பெரும்பகுதி கண்ணை மூடிவைக்கச் சொல்வார்களாம். அமெரிக்காவில் 1997இல் உருவான சிறுவர் கண்நோய் ஆய்வாளர் குழு, ஏழு வயதுக்கு உட்பட்ட, நடுத்தர அளவு குறையுள்ள பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இரண்டு மணித்தியாலமும் மறு பிரிவினருக்கு ஆறு மணித்தியாலமும் கண்ணை மூடிப் பார்த்தபோது, இரண்டிலும் முன்னேற்றம் ஒரே அளவாகவே இருந்ததை 2003இல் வெளியிட்டது. நல்ல கண்ணுக்கு அற்றோபின் துளி விட்டு அதனைத் தற்காலிகமாக மங்கச் செய்வதும் ஒட்டுக்கு நிகரான பலனைத் தரும் என்பதை அதற்கு முந்திய ஆண்டில் அதே குழு காட்டியிருந்தது. இரு கண்களின் வலு வேறுபாட்டினால் வந்த குறையில், ஏறக்குறைய நான்கில் ஒரு பிள்ளைக்குக் கண்ணாடி மட்டுமே போதுமானதாக இருந்தது என்பது பின்னர் வந்த முடிவு. ஆறு மணித்தியாலம் என்றிருந்தால் எங்கள் அம்மம்மா ஒரு வாரமும் தாக்குப்பிடித்திருக்கமாட்டார். பார்வைப் பரிசோதனை அட்டையின் முதல் வரியோடு நின்ற இடது கண், ஒன்றரை ஆண்டின் பின் கீழிருந்து மூன்றாம் வரியை வாசிக்கிறது.

என் கையில் அகரம் பழகிய வேறொருவரின் கதை இவ்வாறு முடியவில்லை. கனரக வாகன அனுமதிப்பத்திரத்துக்காக மருத்துவப் பரிசோதனைக்குப் போன இடத்தில்தான், தம் வலது கண்ணில் பார்வை மிகக் குறைவு என்பது அவருக்குத் தெரியவந்தது. பாடசாலையில் கண் பார்க்கவில்லையா என்று கேட்டேன். முதலாந் தரத்தில் பார்த்தார்கள் என்றும், வரிசையில் முன்னால் நின்றவர்கள் சொன்ன எழுத்துகளைப் பாடமாக்கி வைத்திருந்ததாகவும், கண்ணைக் கையால் மூடச் சொன்னபோது விரலிடுக்கால் பார்த்ததாகவும் சிரித்துக்கொண்டு சொன்னார். முதலாம், நான்காம், ஏழாம், பத்தாம் தரங்களில் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடத்தும் முறை நம் நாட்டில் இருப்பது பெரிய விடயம். ஆனால் ஒரே நாளில் நிறை, உயரம், பல், கண் என்று எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வேண்டிய பொதுச் சுகாதாரப் பரிசோதகர், ஒவ்வொரு பிள்ளையின் விரலிடுக்கையும் கவனிப்பது எப்படி? முதலாந் தரம் என்பது சற்றுப் பிந்திய வயதுங்கூட. பிந்திவிட்டால் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையானவர்களுள், கண்ணாடியோடு ஏனைய சிகிச்சையும் பெற்றோரில் 53 வீதத்தினர் தெளிவான முன்னேற்றம் கண்டதை 2005இல் அதே ஆய்வுக் குழு வெளியிட்டது. பதின்மூன்றைத் தாண்டியவர்களிடம் மொத்தத்தில் அத்தகைய பயன் தெரியவில்லை.

கட்டுரையாளர் எழுதிய குறும்பார்வை பற்றியும் ஒரு சொல். சீனாவின் குவாங்சோ நகரில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விளையாட இடங்கொடுத்தபோது, மூன்று ஆண்டுகளில் குறும்பார்வை புதிதாக வந்தவர்கள் 30.4 வீதமாகவும், வழமைபோல் இருந்த பாடசாலைகளில் 39.5 வீதமாகவும் இருந்ததை 2015இல் வெளியான ஆய்வு கூறுகிறது. மட்டக்களப்பில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனால் புலமைப்பரிசில் வகுப்புக்காக விளையாட்டுப் பாடவேளையை எடுத்துக்கொள்ளும் நாங்கள், போனை மட்டும் ஏசுவது நியாயமாகத் தெரியவில்லை.

கிழக்கு மாகாண சுகாதாரத் திணைக்களமும் முன்பள்ளிக் கல்விப் பணியகமும் இணைந்து, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் முன்பள்ளிகளில் நான்கு வயதுப் பிள்ளைகள் அனைவருக்கும், ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக மூடிப் பார்வைப் பரிசோதனை செய்ய ஒழுங்கு செய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள். சுவீடனில் நான்கு வயதுப் பரிசோதனை வழக்கத்துக்கு வந்த பின்னர், கடுமையான சோம்பற்கண் 2 வீதத்திலிருந்து 0.2 வீதமாகக் குறைந்திருக்கிறது. நமக்கும் இது இயலாத காரியமன்று. ருபெல்லா நோய் கருவிலேயே கண்புரையை உண்டாக்குகிறது என்பதை 1941இல் அவுஸ்திரேலியாவின் நோர்மன் கிரெக் கண்டறிந்தார். 1996இல் அத்தடுப்பூசியைத் தொடங்கிய இலங்கை, 2020இல் அந்நோயை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனத்தினால் அறிவிக்கப்பட்டது. அத்தடுப்பூசியை ஊரூராகக் கொண்டுசேர்த்த அதே உத்தியோகத்தர்கள்தான் இன்றும் எங்கள் வாசலுக்கு வருகிறார்கள்.

ஆசிரியைகளுக்கு அரைநாள் பயிற்சி போதும். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு, நான்கு திசையிலும் திரும்பி நிற்கும் ஆங்கில 'E' எழுத்து வடிவ அட்டையைக் காட்டி, கையால் திசை காட்டச் சொல்லலாம். கண்ணை மூடுவதற்குப் பிள்ளையின் கையை நம்பாமல் ஒட்டும் பிளாஸ்டரைப் பயன்படுத்த வேண்டும். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் பிள்ளை அடம்பிடித்தால், அதையே ஓர் அறிகுறியாக எழுதிக்கொள்ள வேண்டும். நோயைத் தீர்மானிப்பது எங்கள் வேலையன்று. சந்தேகப்படும் பெயர்களை எழுதி அனுப்புவது மட்டுமே. அவ்வாறு அனுப்பப்படும் பிள்ளைகளை மாதத்தில் ஒருநாள் பிரதேச வைத்தியசாலையிலேயே பார்க்க ஒழுங்கு செய்தால் பேருதவியாக இருக்கும். மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு வாவியைக் கடக்கப் பாதைக்கு (மிதவைப் படகுக்கு) காத்திருக்கும் கஷ்டம் போய்விட்டது. ஆயினும் உட்கிராமத்திலிருந்து நகருக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போகிறது, அறுவடைக் காலத்தில் யாரும் போவதுமில்லை.

இவையெல்லாம் நடக்கும்வரை காத்திருக்கக் கூடாத ஒன்றையும் பெற்றோருக்குச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் கருவிழி நடுவில் பூனைக்கண்போல வெள்ளையாக மினுங்கினாலோ, ஒளியடித்து எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் விழுந்தாலோ, அது விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கக்கூடும் என்பதால், நல்ல நாள் பாராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

எங்கள் முன்பள்ளியில் இவ்வருடம் சேர்ந்த பிள்ளைகள் எல்லோரையும், தூரம் அளக்க மூன்று மீற்றர் கயிறு, ஓர் அட்டை, ஒரு சுருள் பிளாஸ்டர் ஆகியவற்றைக் கொண்டு பார்த்து முடித்து, சந்தேகமான இரண்டு பெயர்களைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் ஒப்படைத்திருக்கிறேன். அட்டையின் பிரதி தேவைப்படும் ஆசிரியைகள் அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் என்னிடம் பெற்றுக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
முன்பள்ளி ஆசிரியை ஒருவர்,
கொக்கட்டிச்சோலை.